கொசஸ்தலை முதல் பின்னி மில் வரை: வரலாறு படிக்க வந்தவர்களுக்கு

கல்லூரி திறந்த முதல் வாரத்தில், முதலாண்டு வரலாற்று வகுப்பில் ‘ஏன் ஹிஸ்டரி எடுத்தீங்க?’ என்று கேட்டால் வரும் பதில்கள் எல்லாம் ஏறக்குறைய ஒரே மாதிரிதான். காமர்ஸ் கிடைக்கவில்லை. கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு மார்க் எட்டவில்லை. ஒரு சிலர் டிஎன்பிஎஸ்சி எழுதப் போவதாகச் சொல்வார்கள். வரலாறு பிடித்துத்தான் வந்தேன் என்று வாய் திறந்து சொல்கிற பிள்ளை ஒன்றாவது இருந்தால் அது நல்ல வருடம். நான் வடசென்னையில் பிறந்தவள். இங்கேயே வரலாறு படித்து, இப்போது இங்கத்துப் பிள்ளைகளுக்கே அதைச் சொல்லிக்கொடுக்கிறேன். காசிமேடு, வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை, எர்ணாவூர்ப் பக்கமிருந்து வருகிறவர்கள். பலர் தங்கள் வீட்டின் முதல் பட்டதாரிகள். அவர்களையும், அவர்களைப் போலவே வேறு ஊர்களில் இந்தப் பாடத்தில் வந்து உட்கார்ந்திருப்பவர்களையும் மனதில் வைத்து இதை எழுதுகிறேன்.

பள்ளிக்கூடத்தில் வரலாறு என்றால் மனப்பாடம். முதலாம் பானிபட் போர் 1526, பிளாசிப் போர் 1757, எழுதினால் மார்க். அந்த 1526 எப்படித் தெரிந்தது என்று யாரும் கேட்பதில்லை, கேட்கவிடுவதும் இல்லை. கல்லூரியில் மாற வேண்டிய முதல் விஷயம் அதுதான். ஒரு செய்தி காதில் விழுந்ததும் ‘இது எப்படித் தெரியும்?’ என்று கேட்கிற பழக்கம் வர வேண்டும். யார் சொன்னது, எப்போது சொன்னது, யாருக்குச் சொன்னது, அதைச் சொல்வதால் அவருக்கு என்ன லாபம், அதே விஷயத்தை வேறு யாராவது வேறு மாதிரி சொல்லியிருக்கிறார்களா? மூன்றாண்டுப் படிப்பில் இது ஒன்று கைவந்துவிட்டால் போதும், மற்றதெல்லாம் பின்னாலேயே வரும் என்பது என் உறுதியான எண்ணம்.

அதைப் பழகுவதற்கு வடசென்னையைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. இதைச் சொன்னால் பிள்ளைகளே நம்புவதில்லை. ‘நம்ம ஏரியால இன்னா மேம் இருக்கு?’ என்கிறார்கள். அந்தக் கேள்வியைக் கேட்கும்போது எனக்கு வயிறு எரியும். வெளியில் இருப்பவர்களுக்கு வடசென்னை என்றால் ஹார்பர், கண்டெய்னர் லாரி, குப்பைக் கிடங்கு, சினிமாவில் வரும் அரிவாள். சரி, அவர்கள் அப்படிப் பார்த்துவிட்டுப் போகட்டும். இங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளையும் அதே கண்ணால் தன் தெருவைப் பார்ப்பதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

தெருவிலிருந்தே தொடங்கலாம். தண்டையார்பேட்டையில் எங்கள் பக்கத்துத் தெருவில் குடிநீர்க் குழாய் மாற்ற ஆள் உயரத்துக்குப் பள்ளம் தோண்டினார்கள். அன்று வகுப்பை அந்தப் பள்ளத்தின் ஓரமாகவே வைத்துக்கொண்டேன். வெட்டிய சுவரைப் பாருங்கள் என்றேன். மேலே புதிய தார், அதன் கீழே ஜல்லி, அப்புறம் பழைய தார், மறுபடியும் ஜல்லி. ஒவ்வொரு முறை சாலை போடும்போதும் பழையதைச் சுரண்டாமல் மேலேயே போட்டதற்கான சாட்சி அது. தெருவில் பாதி வீடுகளின் வாசற்படி சாலைக்குக் கீழே போனதற்கும் அதுதான் காரணம். இன்னும் கீழே செங்கல் துண்டும் சாம்பலும் கலந்த ஒரு கருப்பு மண். அதற்கும் கீழே கிளிஞ்சல் கலந்த வெறும் கடல் மணல். அகழாய்வில் மண்ணடுக்கு என்று சொல்வது இதைத்தான். கீழே இருப்பது முந்தியது, மேலே இருப்பது பிந்தியது.

அப்படிச் சொல்லி முடிக்குமுன் ஒரு பெண் கைநீட்டிக் கேட்டாள்: ‘மேம், அப்போ அந்த பால் கவர் எப்படி மணலுக்குள்ள இருக்கு?’ கடல் மணல் அடுக்கின் நடுவில் நிஜமாகவே ஒரு பிளாஸ்டிக் பால் கவர் நீட்டிக்கொண்டிருந்தது. மிக நல்ல கேள்வி. உற்றுப் பார்த்தால் அந்த இடத்தில் மட்டும் மணல் வெளுப்பாக இல்லை, கலங்கிய நிறத்தில் மேலிருந்து கீழே புனல் வடிவில் இறங்கியிருந்தது. எப்போதோ யாரோ ஒரு குழி வெட்டி மூடியிருக்கிறார்கள், கவர் அந்தக் குழியோடு போனது. களத்தில் மண்ணின் நிறம் மாறுகிற கோட்டை ஒரு சின்னக் கரணையால் சுரண்டிச் சுரண்டித் தேடுவது இதற்காகத்தான். அந்தக் கோட்டைத் தவறவிட்டால் பால் கவருக்கும் கடல் மணலுக்கும் ஒரே வயது சொல்லிவிடுவோம். கருப்பு மண்ணில் 1985 என்று அச்சிட்ட 25 காசு கிடைத்தால் என்ன சொல்லலாம் என்று கேட்டேன். ‘அந்த மண் 1985ல போட்டது’ என்றான் ஒருவன். அவ்வளவு சொல்ல முடியாது. அந்த மண் 1985க்கு முன்னால் விழுந்திருக்க முடியாது என்று மட்டும்தான் சொல்லலாம். நாணயம் பத்து வருடம் கையில் புழங்கிவிட்டும் விழுந்திருக்கலாமே.

1945ல் தொல்லியல் அறிஞர் மார்ட்டிமர் வீலர் புதுச்சேரிக்குப் பக்கத்தில் அரிக்கமேட்டில் செய்ததும் இதே கணக்குதான். இத்தாலியில் செய்து முத்திரை குத்திய சிவப்பு மட்கலங்களின் காலம் ரோமானிய வரலாற்றிலிருந்து முன்பே தெரியும். அவை கிடைத்த அடுக்கின் காலத்தை அதை வைத்துச் சொன்னார். அதே அடுக்கில் கிடைத்த உள்நாட்டுப் பானை ஓடுகளுக்கும் அதனால் ஒரு காலம் கிடைத்தது. அந்த ஓடுகள் வேறு ஊர்களில் கிடைத்தபோது அந்த ஊர்களுக்கும் ஒரு பிடி கிடைத்தது. கீழடி என்றதும் எல்லோரும் கி.மு. 6ஆம் நூற்றாண்டு என்கிறார்கள். அந்தக் காலம் 353 செ.மீ. ஆழத்தில் எடுத்த ஒரு கரித்துண்டைக் காலம் கணிக்கும் கரிம ஆய்வுக்கு அனுப்பி வந்த கி.மு. 580 என்ற முடிவிலிருந்து வருகிறது. அந்த ஆழத்தையும் அந்தக் கரியையும் சேர்த்துச் சொன்னால்தான் அது வரலாறு. வெறும் எண்ணாகச் சொன்னால் பெருமை மட்டும்தான் மிஞ்சும். கீழடியைப் பற்றி எனக்கும் பெருமைதான். அதனால்தான் அதைச் சரியாகச் சொல்ல வேண்டும் என்று பிள்ளைகளிடம் அடம்பிடிக்கிறேன்.

இனி ஆற்றுக்கு வருவோம். எண்ணூர் முகத்துவாரத்தில் கடலில் கலக்கிற கொசஸ்தலை ஆற்றைப் பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரியும். இறால் பிடிக்கிற வீட்டுப் பிள்ளைகள் அந்தச் சேற்றில் விளையாடி வளர்ந்தவர்கள். சாம்பலும் எண்ணெயும் கலந்து அந்த ஆறு படும் பாட்டை நான் அவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஆனால் அதே ஆற்றில் மேலே போனால் பூண்டி ஏரி, அதன் பக்கத்தில் அத்திரம்பாக்கம் என்றொரு சிற்றூர். சென்னையிலிருந்து ஏறக்குறைய 60 கிலோமீட்டர். மனிதர்களின் ஆதிக் காலம் பற்றி உலகத்தில் எங்கே எழுதினாலும் அந்த ஊரின் பெயரை விட முடியாது.

இராபர்ட் புரூஸ் ஃபூட் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் வேலை பார்த்தவர். 1863 மே 30 அன்று பல்லாவரத்தில் சரளை மண் எடுத்த குழி ஒன்றில் ஒரு கல்லைப் பார்த்தார். ஆறு உருட்டிய கல் அப்படி உடையாது, கை வைத்து உடைத்த கல் என்று அவருக்குப் பட்டது. அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்புதான், 1859ல், பிரான்சின் சோம் ஆற்றுப் பள்ளத்தாக்கில் கிடைத்த கற்கருவிகளை மிகப் பழங்கால மனிதர்கள் செய்தவை என்று ஐரோப்பிய அறிஞர்கள் ஏற்றுக்கொண்டிருந்தார்கள். 1863 செப்டம்பரில் ஃபூட் தன்னோடு வேலை பார்த்த வில்லியம் கிங்குடன் போய் அத்திரம்பாக்கத்தில் இன்னும் ஏராளமாகக் கண்டார். இந்தியாவில் பழைய கற்காலம் என்ற ஒன்று உண்டு என்பது அப்படித்தான் தெரியவந்தது. அவருடைய சேகரிப்பை 1904ல் சென்னை அரசு அருங்காட்சியகம் வாங்கியது. எழும்பூருக்குப் போனால் அந்த வகைக் கைக்கோடரிகளைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்க்கலாம்.

நின்று பார்க்கச் சொல்கிறேன், கடந்து போகாதீர்கள். வெளிர்பழுப்பு நிறத்தில் உள்ளங்கை அளவோ அதைவிடக் கொஞ்சம் பெரிதாகவோ ஒரு குவார்ட்சைட் கல். கீழ்ப்பகுதி உருண்டை, சில கற்களில் அங்கே ஆற்றுக் கூழாங்கல்லின் வழவழப்பான தோல் அப்படியே இருக்கும். பிடிக்க வாகான இடம் அது. அங்கிருந்து நுனி நோக்கி இரண்டு பக்கமும் சிப்பி சிப்பியாகச் செதுக்கிய தடங்கள். ஒரு தடத்தின் ஓரத்தை அடுத்த தடம் வெட்டிக்கொண்டு போவதைக் கவனித்தால் எந்த அடி முதலில் விழுந்தது, எது பின்னால் விழுந்தது என்று வரிசை சொல்லிவிடலாம். இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவாக வருமாறு செதுக்க, கல்லைத் தட்டுமுன்பே முடிவு எப்படி இருக்கும் என்ற படம் மனதில் இருந்தாக வேண்டும். செய்தவர்கள் நம் இனமான ஹோமோ சேப்பியன்ஸ் தோன்றுவதற்கு வெகு காலத்துக்கு முன்பு வாழ்ந்தவர்கள்.

எவ்வளவு முன்பு? இங்கேதான் ‘எப்படித் தெரியும்?’ என்ற கேள்வி மிக அழகான பதிலைப் பெறுகிறது. கரிம ஆய்வு சுமார் 50,000 ஆண்டுகளுக்கு மேல் உதவாது. சாந்தி பப்பு, குமார் அகிலேஷ் இருவரும் சர்மா மரபுக் கல்வி மையத்தின் சார்பில் அத்திரம்பாக்கத்தில் பல ஆண்டுகள் அகழாய்வு செய்தார்கள். அங்கே கிடைத்த கல்லையே கடிகாரமாக்கினார்கள். ஒரு குவார்ட்ஸ் கல் திறந்த வெளியில் கிடக்கும்போது விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள் அதன் மேல் மோதி, உள்ளே அலுமினியம்-26, பெரிலியம்-10 என்ற இரண்டு கதிரியக்க அணுக்களைக் கொஞ்சம் கொஞ்சமாக உண்டாக்கும். கல் ஆழமாகப் புதைந்துவிட்டால் அது நின்றுவிடும். இருப்பவை மட்டும் சிதையத் தொடங்கும். அலுமினியம் வேகமாகக் குறையும், பெரிலியம் அதைவிட மெதுவாக. இரண்டும் இன்று எந்த விகிதத்தில் மிஞ்சியிருக்கின்றன என்று அளந்தால், கல் எவ்வளவு காலம் மண்ணுக்குள் இருந்தது என்று கணக்கிடலாம். 2011ல் வெளியான முடிவு: சராசரியாக 15 லட்சம் ஆண்டுகள்.

அதை மட்டும் நம்பி அவர்கள் விட்டுவிடவில்லை. பூமியின் காந்தப்புலம் கடைசியாகத் திசை மாறியது சுமார் 7,80,000 ஆண்டுகளுக்கு முன்பு. அதற்கு முந்திய நெடுங்காலத்தில் படிந்த களிமண்ணில் காந்தத் துகள்கள் தலைகீழாக நிற்கும். கருவிகள் கிடைத்த அடுக்குகளில் அப்படித்தான் நின்றன. ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரண்டு சாட்சிகள் ஒரே பக்கம் கைகாட்டினால் வழக்கு வலுக்கிறது. அப்புறம் 2018ல் அதே ஊரின் மேலடுக்குகளிலிருந்து இன்னொரு முடிவு வந்தது. பெரிய கைக்கோடரிகள் குறைந்து, முன்கூட்டியே திட்டமிட்டுப் பெயர்த்த சிறிய கருவிகள் தோன்றுகிற இடைப் பழைய கற்காலம் அங்கே சுமார் 3,85,000 ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கிவிட்டது. இந்த மாற்றத்தை ஆப்பிரிக்காவிலிருந்து மிகப் பின்னால் வந்த நவீன மனிதர்கள்தான் இங்கே கொண்டுவந்தார்கள் என்ற கருத்தை அது அசைத்துவிட்டது.

எர்ணாவூர்ப் பையன் ஒருவன் இதையெல்லாம் கேட்டுவிட்டு, ‘நம்ம ஆறா மேம்?’ என்றான். ஆமாம்பா, உன் ஆறுதான் என்றேன். பூண்டியில் தொல்லியல் துறையின் அகழ்வைப்பகம் இருக்கிறது, பார்த்துவிட்டு வரலாம். ஒரே ஒரு வேண்டுகோள். ஆற்றங்கரையில் அப்படிப்பட்ட கல் கண்ணில் பட்டால் பையில் போட்டுக்கொண்டு வராதீர்கள். இருந்த இடத்தில் இருக்கும்வரைதான் அது சாட்சி. வீட்டு ஷோகேஸில் அது வெறும் கல்.

அடுத்தது திருவொற்றியூர். மெட்ரோ ரயில் வந்ததிலிருந்து போய்வருவதும் எளிது. தியாகராஜ சுவாமி கோயிலுக்கும் வடிவுடையம்மனுக்கும் சின்ன வயதிலிருந்து போய்க்கொண்டிருக்கும் பிள்ளைகள், சுவரில் எழுத்து இருப்பதைப் பார்த்திருக்கிறார்கள், படிக்கலாம் என்று நினைத்ததே இல்லை. பல்லவர், இராஷ்டிரகூடர், சோழர் என்று பல காலத்துக் கல்வெட்டுகள் அங்கே உண்டு. கருவறை தூங்கானை மாடம், அதாவது யானையின் பின்புறம் போல வளைந்தது. முதலாம் இராஜேந்திரன் காலத்தில் சதுரானன பண்டிதர் என்ற மடத்துத் தலைவர் சொல்ல, வீரசோழத் தச்சன் என்ற பட்டம் பெற்ற ரவி என்பவர் அதைக் கருங்கல்லில் கட்டினார். ஆயிரம் ஆண்டுப் பழைய கட்டடத்தின் கொத்தனார் பெயர் நமக்குத் தெரிகிறது என்பதே எவ்வளவு பெரிய பாக்கியம்! தஞ்சைப் பெரிய கோயில் கட்டியவர் யார் என்று கேட்டால் சட்டென்று பதில் வருகிற நாட்டில், ரவியின் பெயரையும் நான் தேர்வில் கேட்கிறேன்.

சோழர் காலத் தமிழ் எழுத்தை வாசிக்க ஒரு மாதம் உட்கார்ந்து பழகினால் போதும். தடுக்கி விழும் இடங்கள் சில உண்டு. மெய்யெழுத்துக்குப் பெரும்பாலும் புள்ளி வைக்க மாட்டார்கள். குறில் எகர ஒகரத்துக்கும் நெடிலுக்கும் எழுத்தில் வேறுபாடு கிடையாது. அதனால் ‘பொன’ என்று செதுக்கியிருந்தால் அது பொன்னா, போனவா என்பதை முன்னும் பின்னும் உள்ள சொற்களை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். கால் குறியும் ரகரமும் ஒன்று போலவே இருக்கும். டார்ச் லைட்டைச் சுவருக்கு நேராக அடிக்காமல் பக்கவாட்டில் சாய்த்துப் பிடியுங்கள், தேய்ந்த எழுத்தும் நிழல் விழுந்து எழுந்து வரும். கோயில் அலுவலகத்தில் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். சுண்ணாம்பு தடவுவது, சாக்பீஸால் எழுத்தை நிரப்புவது எல்லாம் கூடவே கூடாது.

வாசித்த பிறகு காலக் கணக்கு. கல்வெட்டில் கி.பி. இருக்காது, அரசனின் ஆட்சியாண்டுதான் இருக்கும். ‘திருமன்னி வளர’ என்று மெய்க்கீர்த்தி, அதாவது அரசனின் புகழ் பாடும் முன்னுரை, தொடங்கினால் முதலாம் இராஜேந்திரன். அவன் பட்டத்துக்கு வந்தது 1012ல் என்பதால் 26ஆம் ஆட்சியாண்டு 1037-38 ஆகும். இப்படி ஒரு கணக்கைத் தானே போட்டு முடித்த பிள்ளையின் முகத்தைப் பார்க்க வேண்டும்.

கல்வெட்டுகளில் பெரும்பாலானவை நாம் நினைக்கிற மாதிரி போர்ச் செய்திகள் இல்லை. விளக்கெரிக்கக் கொடுத்த கொடைகள்தான் அதிகம். பல சோழர் கோயில்களில் ஒரு நந்தா விளக்குக்கு, அதாவது அணையாமல் எரியும் விளக்குக்கு, 90 அல்லது 96 ஆடுகள் கொடுத்திருப்பார்கள், ‘சாவா மூவாப் பேராடு’ என்பார்கள். ஆட்டை வாங்கிக்கொள்ளும் இடையர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். குட்டி போட்டுப் பெருகுவதால் மந்தை குறையாது என்பது கணக்கு. சலிப்பாகத் தெரிகிற இந்த வரிகளிலிருந்துதான் நெய்யின் மதிப்பு, மேய்ச்சல் நிலம், இடையர்களின் கடமை, பொன்னுக்கு வட்டி எல்லாம் தெரியவருகின்றன. சுற்றுப்புற ஊர்களின் பெயர்களும் வருகின்றன. இன்று சுத்திகரிப்பு ஆலையின் புகைபோக்கியால் மட்டும் அறியப்படும் மணலி, ஒற்றியூர்க் கல்வெட்டில் சிங்கவிஷ்ணு சதுர்வேதிமங்கலம் என்ற இன்னொரு பெயரோடு வருகிறது.

அங்குள்ள கல்வெட்டுகளில் எனக்கு மிகவும் நெருக்கமானது இராஷ்டிரகூட அரசன் மூன்றாம் கிருஷ்ணன் காலத்தது. கேரளத்திலிருந்து வந்த வல்லபன் என்ற வீரன் சோழ இளவரசன் இராஜாதித்தனிடம் இருந்தான். 949ல் அரக்கோணத்துக்குப் பக்கத்தில் தக்கோலத்தில் நடந்த போரில் இராஜாதித்தன் இறந்தான். தலைவனோடு சேர்ந்து சாக முடியவில்லையே என்ற துயரத்தில் வல்லபன் ஒற்றியூருக்கு வந்து துறவு பூண்டு, சதுரானன பண்டிதர் ஆனான். அந்தக் கல்வெட்டு பொறிக்கப்பட்டது தன் தலைவனைத் தோற்கடித்த அரசனின் ஆட்சியாண்டில் என்பதையும் கவனியுங்கள். ரவியைக் கோயில் கட்டச் சொன்னவர் அதே பட்டப் பெயரோடு பின்னால் வந்த இன்னொருவர்.

தக்கோலத்தில் இராஜாதித்தன் எப்படி இறந்தான்? சோழர்களின் லெய்டன் செப்பேட்டில், யானை மேல் அமர்ந்து போரிட்டபோது கிருஷ்ணனின் அம்பு மார்பில் பாய்ந்து வீர சுவர்க்கம் போனான் என்று இருக்கிறது. கர்நாடகத்தின் ஆதகூர்க் கல்வெட்டில், அவனைக் கொன்றவன் கிருஷ்ணனின் பக்கம் நின்ற கங்க அரசன் பூதுகன். தோற்றவர்களின் செப்பேடு இளவரசனைக் கொன்ற பெருமையைப் பேரரசனுக்குக் கொடுக்கிறது, வென்றவர்களின் கல்வெட்டு அதைத் துணைக்கு வந்தவனுக்குக் கொடுக்கிறது. இதை வகுப்பில் போட்டால் ஒரு மணி நேரம் போவதே தெரியாது. யார் சொல்வதை ஏற்பது? போர் நடந்த சில மாதங்களில் வெட்டிய கல்லையா, பல பத்தாண்டுகள் கழித்து எழுதிய செப்பேட்டையா? ஆதகூர்க் கல்லில் இன்னொரு செய்தியும் உண்டு. காட்டுப் பன்றியோடு சண்டை போட்டு இறந்த காளி என்ற வேட்டை நாய்க்கு எடுத்த நினைவுக்கல் அது. ஒரு நாயின் நினைவுக்கல்லில்தான் தென்னிந்தியாவின் பெரும் போர் ஒன்றின் முதல் சாட்சி இருக்கிறது. பிள்ளைகளுக்கு வேறெதுவும் நினைவில் நிற்காவிட்டாலும் காளி நிற்கிறாள்.

சுந்தரர் சங்கிலியாரை இந்தக் கோயில் மகிழ மரத்தடியில் சத்தியம் செய்து மணந்தார் என்ற கதையை எல்லோரும் அறிவார்கள். மாசித் திருவிழாவில் மகிழடி சேவை இன்றும் நடக்கிறது. ‘அது நெசமா மேம்?’ என்று கேட்காத வகுப்பே கிடையாது. கல்வெட்டு அந்தத் திருமணத்தை நிரூபிக்காது. ஆனால் இரண்டாம் இராஜாதிராஜன் பங்குனி உத்திரத் திருவிழாவின்போது அந்த மகிழ மரத்தடியில் அமர்ந்து, ஆளுடைய நம்பியின், அதாவது சுந்தரரின், புராணம் வாசிக்கக் கேட்டான் என்று ஒரு கல்வெட்டு சொல்கிறது. 12ஆம் நூற்றாண்டில் இந்தக் கதை அரசன் வந்து உட்கார்ந்து கேட்கிற அளவுக்கு இந்த மரத்தோடு ஒட்டிவிட்டது என்பது உறுதி. நம்பிக்கையைப் புண்படுத்தாமலும், சான்றைத் தாண்டாமலும் பதில் சொல்ல முடியும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைத்ததில்லை.

ஜார்ஜ் டவுன் பக்கம் பார்க்க வேண்டியவை ஏராளம், எல்லாவற்றையும் இங்கே சொல்ல முடியாது. இராயபுரம் ரயில் நிலையம் 1856ல் திறந்தது, தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் அங்கிருந்துதான் கிளம்பியது. பாரிமுனையில் டேர் ஹவுஸ் ஓரமாக ஒரு பழைய தூண் நிற்கிறது. பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து கோட்டையைத் திரும்பப் பெற்ற ஆங்கிலேயர்கள், இன்று உயர் நீதிமன்றம் இருக்கும் இடத்திலிருந்த, இந்தியர்கள் குடியிருந்த பழைய கறுப்பர் நகரத்தை இடித்துத் தள்ளினார்கள். இனி இங்கே யாரும் வீடு கட்டக் கூடாது என்று 1773ல் நட்ட ஆறு எல்லைத் தூண்களில் மிஞ்சியது அது ஒன்றுதான். பழைய சிறைச்சாலைச் சாலையில், அதற்குப் பின் எழுந்த புதிய கறுப்பர் நகரத்தைச் சுற்றிக் கட்டிய மதில் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. அதன் மேல் உள்ள மாடிப் பூங்காவில் உட்கார்ந்து ஊரைப் பார்க்கலாம்.

வேலை கிடைக்குமா என்ற கேள்விக்கும் நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டும். பட்டம் வாங்கிய உடனே தொல்லியல் வேலை யாரும் தர மாட்டார்கள். முதுகலை படிக்க வேண்டும். அதன் பிறகு தமிழ்நாடு தொல்லியல் துறையே நடத்தும் ஈராண்டுப் பட்டயப் படிப்பு இருக்கிறது, கல்வெட்டும் அகழாய்வும் களத்திலேயே சொல்லித் தருகிறார்கள், உதவித்தொகையும் உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தில் பண்டைய வரலாறு, தொல்லியல் என்றே தனித் துறை இருக்கிறது. இடங்கள் குறைவு, போட்டி அதிகம். ஆனால் கல்வெட்டு வாசிக்கத் தெரிந்தவர்கள் இன்னும் குறைவு என்பதை மறக்க வேண்டாம்.

கடைசியாக ஒரு அவசர வேலை. பெரம்பூர் பின்னி மில், அதாவது பக்கிங்ஹாம் கர்னாட்டிக் ஆலை, எங்கள் பகுதியில் எத்தனையோ வீடுகளில் அடுப்பெரிய வைத்தது. 1918 ஏப்ரல் 27 அன்று இந்த ஆலைத் தொழிலாளர்களை வைத்துத்தான் சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவானது. பி.பி.வாடியா தலைவர், திரு.வி.க. உடன் நின்றவர். நாட்டின் முதல் முறையான தொழிற்சங்கங்களில் ஒன்று. 1921ல் மாதக்கணக்கில் வேலைநிறுத்தம் நடந்தது. வேலைக்குத் திரும்பிய ஆதிதிராவிடத் தொழிலாளர்களுக்கும் வேலைநிறுத்தத்தில் இருந்த சாதி இந்து, முஸ்லிம் தொழிலாளர்களுக்கும் இடையே புளியந்தோப்பில் கலவரம் வெடித்தது. வீடுகள் எரிந்தன, காவல்துறை சுட்டதில் உயிர்கள் போயின. ஆதிதிராவிடர் தலைவர் எம்.சி.ராஜா ஒரு பக்கத்தின் துயரத்தைப் பேசினார், சங்கத் தலைவர்கள் இன்னொரு பக்கத்தைப் பேசினார்கள். அரசின் கோப்புகள் எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன, அவை காவல்துறையின் குரலில் பேசும். புளியந்தோப்பில் அடுத்தடுத்த இரண்டு தெருக்களில் இந்தக் கதையைக் கேட்டால் இன்றும் இரண்டு விதமாகச் சொல்வார்கள். தக்கோலத்துக்கு இரண்டு சாட்சியைக் கேட்ட நாம் இதற்கும் இரண்டு தெருவையும் கேட்டாக வேண்டும்.

என் தாத்தா அந்த ஆலையில் நெசவுப் பிரிவில் இருந்தவர். அவருடைய சம்பளச் சீட்டுகள் சிலவற்றை ஆயா ஒரு தகரப் பெட்டியில் வைத்திருந்தார். பிடித்தம் என்ற பத்தியில் இருந்த வரிகளை வைத்தே ஒரு குடும்பம் எப்போது கடன் வாங்கியது, எப்போது நோய்ப்பட்டது என்று சொல்லிவிடலாம். அப்படிப்பட்ட பெட்டிகள் இன்னும் பல வீட்டுப் பரண்களில் இருக்கின்றன, வீடு மாறும்போது பழைய பேப்பர்காரரிடம் போய்க்கொண்டும் இருக்கின்றன.

ஆலை 1996ல் மூடியது, ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் ஆகிவிட்டன. கடைசித் தலைமுறைத் தொழிலாளர்களுக்கு இப்போது வயது அறுபதையும் எழுபதையும் தாண்டிவிட்டது. உங்கள் தெருவில் ஒருவராவது இருப்பார். போய் உட்காருங்கள். எந்தப் பிரிவில் வேலை, ஷிஃப்ட் எத்தனை மணிக்கு, சங்கு ஊதினால் எதுவரை கேட்டது, முதல் சம்பளத்தில் என்ன வாங்கினீர்கள், கேண்டீனில் யார் யாரோடு சேர்ந்து உட்கார்ந்தீர்கள், கேட் மூடிய பிறகு வீட்டுச் செலவை யார் பார்த்தது என்று கேளுங்கள். வீட்டுப் பெண்களையும் தனியாகக் கேளுங்கள், அவர்கள் சொல்லும் கணக்கு வேறாக இருக்கும். ஃபோனில் ரெக்கார்டரைப் போடுமுன் அனுமதி வாங்குங்கள். போட்டதும் முதலில் அன்றைய தேதி, இடம், பேசுகிறவர் பெயர், உங்கள் பெயர் எல்லாவற்றையும் சத்தமாகச் சொல்லுங்கள். சீட்டு, படம் எதுவும் காட்டினால் அங்கேயே படம் பிடித்துக்கொண்டு, அசலை அவர்களிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.